மூன்றாம் படி

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு நான் கேட்டு வாங்கியதல்ல. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பஸ் ஏறியதிலிருந்து மன்னார்குடியில் இறங்கும் வரை நான் புலம்பிக்கொண்டே வந்தேனாம். வீட்டுக்குள் நுழைந்ததும் தையல்நாயகி தன் கைப்பையிலிருந்து ஒரு சுருக்கெழுத்து நோட்டை எடுத்து நீட்டினாள்.

"புலம்புறத எல்லாம் இதுல எழுதுங்க. என் காதுக்குக் கொஞ்சம் லீவு வேணும்."

எழுதுகிறேன். என் மனைவிக்குப் போன நவம்பரில் வலது மார்பை எடுத்தார்கள். மார்ச் வரை கதிர்வீச்சு வைத்தார்கள். நோய் போய்விட்டது என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். அத்தோடு விட்டதா? மே மாதக் கடைசியில் வலது கை தோளிலிருந்து விரல் நுனி வரை வீங்கத் தொடங்கியது. அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் சேர்த்து எடுத்துவிட்டதால் நிணநீர் வடிய வழியில்லாமல் கையிலேயே தேங்குகிறதாம். பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே பெனாசிர் என்று ஒரு பெண், கூத்தாநல்லூர்க்காரி, எங்கள் மகனைவிடச் சின்னவள். மசாஜ் செய்தால் குறையும் என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மசாஜ்தானே? அது என் தொழிலும்மா" என்றேன்.

அவள் என் கைகளைப் பார்த்தாள். "அதான் அங்கிள் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

இருபத்தெட்டு வருடமாகக் கபடிக் குழுவுக்கு மசாஜ் பார்க்கிறேன். களத்தில் இறங்கும் முன் தொடையைத் தட்டிச் சூடேற்றுவது ஒரு விதம், ஆட்டம் முடிந்தபின் இதயத்தைப் பார்த்து நீளமாக வழித்து அசதியைப் போக்குவது ஒரு விதம், கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தால் பிசைவது ஒரு விதம், பழைய சுளுக்குக்கு நரம்பின் குறுக்கே கட்டைவிரலால் உராய்வது ஒரு விதம். சித்த வைத்தியர் ஒருவரிடம் தொக்கணம் என்கிற பிடிமுறை ஒன்பது வகையும் கற்றிருக்கிறேன். கலியமூர்த்தி கை பட்டால் காலை ஊன்றாதவனும் ஓடுவான் என்று திருவாரூர் வரை பேர். எனக்கு இந்தப் பெண் பாடம் எடுக்கிறாள். எண்ணெய் கூடாதாம். அழுத்தக் கூடாதாம். சூடு ஆகவே ஆகாதாம். தோலை மட்டும் நகர்த்த வேண்டுமாம். ஈ ஓட்டுவதற்கு மசாஜ் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

படம் போட்ட தாள் ஒன்று கொடுத்தாள். ஐந்து படிகள். ஒன்று, வயிற்றிலிருந்து ஆழமாக மூச்சு. இரண்டு, கழுத்தின் இரண்டு பக்கக் குழி. மூன்று, நெஞ்சு. ஆபரேஷன் செய்த பக்கத்திலிருந்து மறுபக்க அக்குளை நோக்கி. நான்கு, தோள். ஐந்து, கை. மொத்தம் ஐம்பது நிமிடம், அதன்பின் கட்டு. மூன்றாம் படியைத் திரைக்குள் அவள் செய்து காட்டியபோது நான் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். தாளில் படம் இருக்கிறது, போதும்.

"யாராச்சும் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ச்சீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் தையல். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இன்னும் மே மாதத்தைக் கிழிக்கவில்லை. இதுதான் ஆஸ்பத்திரி நடத்துகிற லட்சணம்.

மேல்கை 35.2 செ.மீ. இடது கை 29.

ஜூன் 4, செவ்வாய்

மேல்கை 35.2. படி 1, 2, 4, 5 முடிந்தது. இருபத்தைந்து நிமிடம். 3 - நேரமில்லை. கணுக்கால் பிசகிய ஆட்டக்காரன் ஒருவன் வாசலில் காத்திருந்தான்.

ஜூன் 6, வியாழன்

தினமும் தொலைபேசியில் பெனாசிரின் விசாரணை வேறு. "கை இன்னும் கனமா இருக்குன்னு அக்கா சொல்றாங்க. பால் காய்ச்சி ஆற வைங்க அங்கிள். மேல ஆடை கட்டும்ல, அது கிழியாம விரல்ல ஒரு பக்கமா தள்ளிப் பாருங்க. அந்த அளவுக்குத்தான் அழுத்தம்."

காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறேன். ஐந்து முறை ஆடை கிழிந்துவிட்டது. தொண்ணூறு கிலோ ஆளைக் குப்புறப் போட்டுப் பிசைந்த விரல் பாலாடையிடம் தோற்கிறது. தையல் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பால்ல இனி காப்பி போடலாமா, இல்ல அதுவும் உங்க டீம்ல சேந்துடுச்சா?"

ஆறாவது முறை நகர்ந்தது. இந்த வயதில் எனக்கு வந்த வெற்றியைப் பாருங்கள்.

மேல்கை 35.2. படி 1, 2, 4, 5. 3 - பாலோடு போராடியதில் நேரம் போய்விட்டது.

ஜூன் 9, ஞாயிறு

இன்று உபதேச நாள். நீடாமங்கலத்திலிருந்து மச்சான் சிங்காரவேலு வந்தார். தையலின் தம்பி. கேரளாவில் பிழிச்சல் என்று ஒரு வைத்தியம் இருக்கிறதாம். வெதுவெதுப்பான எண்ணெயைத் துணியில் நனைத்து உடம்பெங்கும் பிழிந்துகொண்டே தேய்ப்பார்கள், மூட்டுவலி ஓடிவிடும், தூக்கம் நன்றாக வரும், போய் வந்ததிலிருந்து தனக்கு மாடிப்படி சர்வ சாதாரணம் என்றார். அவர் வீட்டில் மாடி கிடையாது. சென்னையிலிருந்து மகன் இளமாறன் போன். அவன் ஆபீஸுக்குப் பக்கத்தில் தாய்லாந்து மசாஜாம். எண்ணெயே இல்லாமல் தரையில் படுக்க வைத்து, கைகால்களை இழுத்து வளைத்து, இறுகிப்போன முதுகைத் தளர்த்திவிடுவார்களாம். "அம்மாவக் கூட்டிட்டு வாங்கப்பா." எதிர்வீட்டம்மா பாதத்தில் முள் குத்துகிற செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உடம்பில் உள்ள அத்தனை உறுப்புக்கும் பாதத்தில் பொத்தான் இருக்கிறதாம்.

இவர்கள் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டில் மசாஜ் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதே மறந்துவிட்டது.

"நீங்க பண்றது சரியா வருதா மாமா?" என்று மட்டும் மச்சான் போகும்போது கேட்டார். வருகிறது என்றேன். தையல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மேல்கை 35.3.

ஜூன் 12, புதன்

35.4. படி 1, 2, 4, 5. 3 - மின்சாரம் இல்லை.

ஜூன் 17, திங்கள்

தஞ்சாவூர். இரண்டு வாரமாகியும் குறையவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மச்சான் சொன்னது, மகன் சொன்னது, செருப்பு எல்லாவற்றையும் பெனாசிரிடம் கொட்டினேன். இதில் எதையாவது செய்தால் என்ன, உங்கள் ஈ ஓட்டலை விட மோசமாகவா போய்விடும் என்றே கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "எல்லாமே நல்ல மசாஜ்தான் அங்கிள். நீங்க பண்றதும். சதைக்கு ரத்தம் வேணும்னா அழுத்தணும், சூடு வேணும். ஆனா இந்தக் கைக்கு ரத்தம் கூட வந்தா நீரும் கூட ஊறும். வடியத்தான் வழியில்லயே. ஆடுறவங்களுக்கு மருந்தா இருக்கிறது அக்காவுக்கு விஷம்."

பிறகு தேதி போட்டுக் குறி வைக்கிற தாளைப் புரட்டினாள். "மூணாம் படில ஒரு குறிகூட இல்லயே?"

"அவளுக்குக் கூச்சம்" என்றேன்.

தையல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணுதான்கா முக்கியம். வலது அக்குள்ல வழி அடைச்சுக்கிடுச்சு. தண்ணி இடது பக்கம் போகணும்னா நெஞ்சத் தாண்டித்தான் போகணும். வடிகால வெட்டாம வயல்ல தண்ணியத் தள்ளிக்கிட்டே இருந்தா எங்க போகும்?"

கூத்தாநல்லூர்க்காரிக்கு வயல் தெரியாமலா இருக்கும். எனக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 20, வியாழன்

இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது, எழுதித் தொலைக்கிறேன். மே 27, 28, 29 மூன்று நாளும் நான் அந்தக் கையைத் தேய்த்தேன். கை லேசாகத்தான் வீங்கியிருந்தது, வளையல் இறுகுகிற அளவு. அசதி என்று நினைத்தேன். ஆட்டக்காரர்களுக்குப் போடுகிற தைலத்தைச் சுடவைத்து, மணிக்கட்டிலிருந்து தோள் வரை அழுத்தி வழித்தேன். கபடி ஆடி வந்த கைக்கு எப்படியோ அப்படி. வலிக்கிறது என்றாள். வலித்தால்தான் வழி திறக்கும் என்றேன். எல்லோரிடமும் சொல்லும் வசனம். நாலாம் நாள் காலையில் வளையலை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இல்லம்மா" என்று அவள் பெனாசிரிடம் சொன்னது எனக்காகத்தான். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் செய்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தேன்.

35.5. 3 - மழை.

ஜூன் 23, ஞாயிறு

கடைத்தெருவில் தையலுக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. பன்னிரண்டு மிஷின். ஆகஸ்ட் பரீட்சைக்கு நாற்பத்தொரு பேர் எழுதுகிறார்கள். ஆறு மாதமாகப் பழைய மாணவி ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் ஜூலைக் கடைசியில் கல்யாணம்.

இன்று தையல் வீட்டில் இருக்கும் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். இடது கை ஏ, எஸ், டி, எஃப் என்று சரசரவென்று ஓடியது. வலது கை எல், கே, ஜே வரை முக்கிமுக்கி வந்தது. சுண்டுவிரல் மடங்கவே இல்லை. அதை இடது கையால் பிடித்துக் கட்டைமேல் வைத்து அழுத்தினாள். மூன்று எழுத்து ஒன்றாகச் சிக்கி நின்றது.

"ஜூலை முடியறதுக்குள்ள இந்த விரல் மடங்கலைன்னா இன்ஸ்டிட்யூட்ட மூடிடுறேங்க. தப்பாச் சொல்லிக் குடுத்து நாப்பது பேரு வாழ்க்கையக் கெடுக்கறதுக்கு மூடிடலாம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், மிஷினுக்கு உறை போட்டுக்கொண்டே.

நான் உறையின் மறுமுனையை இழுத்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

35.6. 3 - அவளுக்குக் களைப்பு. (காலை ஐந்துக்கு எழுந்து அடை சுட்டு, துணி மடித்து, என் சட்டைக்குப் பொத்தானும் தைத்துவிட்டிருந்தாள்.)

ஜூலை 1, திங்கள்

35.7. பெனாசிர் இன்று சிரிக்கவில்லை. கையை அழுத்திப் பார்த்தாள். முன்பெல்லாம் விரல் பட்ட இடம் குழியாகும், இப்போது குழி விழவில்லை.

"இது கெட்டியாக ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போச்சுன்னா அப்புறம் எந்த மசாஜும் கேக்காது. கை இப்படியேதான் இருக்கும்." தாளைப் பார்த்தாள். மூன்றாம் வரிசை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. "அங்கிளுக்குச் சிரமமா இருந்தா வேற யாருக்காச்சும் சொல்லித் தர்றேன். அக்காவுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கா. வரச் சொல்லிடலாம்" என்றாள் தையல்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நானும் புலம்பவில்லை. நோட்டில் எழுதவும் தோன்றவில்லை, இதை மறுநாள் எழுதுகிறேன்.

ஜூலை 6, சனி

சண்டை. முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை. தங்கையை எதற்குக் கூப்பிடுகிறாய் என்று நான்தான் ஆரம்பித்தேன். இந்தக் கையை நம்பி ஒரு குழுவே இருக்கிறது, மாவட்டத்தில் எவன் காலாவது நான் தொடாதது உண்டா, சொந்தப் பெண்டாட்டிக்குப் பார்க்க எனக்கு வக்கில்லையா என்று கத்தினேன். அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவள் கத்தவில்லை. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிக்கறப்ப டீ குடிக்கப் போனீங்கல்ல?" என்றாள்.

"அதுக்கென்ன இப்போ?"

"நீங்க இன்னும் வரலங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். ஹரித்ராநதி கரையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். பெரிய குளம், கோபம் தீர ஒரு சுற்று போதும் என்பார்கள். எனக்குப் போதவில்லை.

இப்போது எழுதுகிறேன். ஆட்டக்காரன் ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்ததை நான் கையால் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன். கண்ணை மூடியதில்லை. நவம்பரில் அவள் கட்டைப் பிரிக்க நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார், பிளாஸ்திரியின் ஓரம் கொஞ்சம் எழும்பியது, என் கால்கள் தாமாகவே வெளியே நடந்தன. இரண்டு டீ குடித்தேன். திரும்பி வந்தபோது புதுக் கட்டு போட்டு முடித்திருந்தார்கள். "டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். "சுமார்" என்றேன். இந்த எட்டு மாதத்தில் அதைப் பற்றி நாங்கள் பேசியது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து நான் ஹாலில் படுக்கிறேன். ஹாலில் ஃபேன் நன்றாக ஓடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் உடை மாற்ற உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். அவளுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சௌகரியமாக.

அருவருப்பு இல்லை. அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று இன்றுதான் எனக்கு உறைக்கிறது. பயம். அவளை அறுத்துப் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்தால் அவள் செத்துப்போயிருக்கக்கூடும் என்பது உண்மையாகிவிடும். அந்தப் பயத்தில்தான் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"எனக்கு மட்டும் பயமில்லியா? நானும் உள்ள இருக்கற கண்ணாடியச் செவுத்தப் பாக்கத் திருப்பித்தான வெச்சிருக்கேன்" என்றாள்.

ஜூலை 15, திங்கள்

மேல்கை 34.5. ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே குறைந்திருக்கிறது. பெனாசிர் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் பாதி மடங்குகிறது. வியாழக்கிழமையிலிருந்து தையல் தினம் ஒரு மணி நேரம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறாள். நாற்பத்தொரு பேரையும் ஒரு பாடு திட்டிவிட்டு வந்ததில் முகம் தெளிந்திருக்கிறது.

"என்ன மாத்துனீங்க?" என்று பெனாசிர் கேட்டாள்.

"மூணாம் படி" என்றேன். மே மாதம் தைலம் போட்டுத் தேய்த்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினாள். தையல் குறுக்கே வரவில்லை, ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாம் தேதியைப் பற்றி நான் எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை பத்து மணி. வாசல் கதவைச் சாத்தினேன். போனை அணைத்தேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். தையல் கட்டிலில் மல்லாந்து படுத்து, தானே கொக்கிகளை அவிழ்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. அப்புறம் ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பார்த்தேன். அக்குளிலிருந்து நெஞ்சின் நடு வரைக்கும் ஒரு கோடு. சுற்றிலும் கதிர் பட்ட தோல் கருத்துப்போயிருந்தது. ஒரு இடத்தில் ஊசித் தையல் சரியாக விழாமல் சுருங்கியிருந்தது. அவ்வளவுதான். இதற்கா எட்டு மாதம் ஹாலில் படுத்தேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. கண்ணில் தண்ணீர் வேறு. கழுவிய கையால் துடைக்கவும் முடியவில்லை, தோளில் துடைத்துக்கொண்டேன்.

படி ஒன்று முடித்தேன், இரண்டு முடித்தேன். பிறகு உள்ளங்கையை அந்தக் கோட்டின் மேல் வைத்தேன். தோல் சூடாக இருந்தது. அவள் மூச்சு விடும்போது கை மேலே வந்து கீழே போனது. தாளில் போட்டிருந்தபடி, தோலை மட்டும், இடது பக்கமாக மெதுவாக நகர்த்தி விட்டேன். மறுபடி நகர்த்தி விட்டேன். நான் வாழ்நாளில் யாரையும் அவ்வளவு லேசாகத் தொட்டதில்லை. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"என்னங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இன்னும் கை வெக்கலியா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. குத்திக்காட்டுகிறாள் என்றுகூட நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த இடத்து நரம்பெல்லாம் அறுந்துவிட்டது, அங்கே அவளுக்கு உணர்ச்சியே இல்லை. எட்டு மாதமாக நான் தொடவில்லை. இப்போது தொட்டாலும் அவளுக்குத் தெரியவில்லை.

"வெச்சிருக்கேன் தையல்" என்றேன். "ரொம்ப நேரமா வெச்சிருக்கேன்."

கண்ணைத் திறந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். என் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வலது கையை, அந்த வீங்கிய கையைத்தான், மெல்லத் தூக்கிக் கொண்டுவந்து என் கையின் மேல் வைத்தாள். மடங்காத விரல்களோடு அது என் கையை மூடிக்கொண்டது. நல்ல கனம். தழும்பின் மேல் இவ்வளவு பாரம் ஏறக் கூடாது என்று தாளில் எழுதியிருக்கிறது. நான் எடுக்கச் சொல்லவில்லை.